முகத்துக்குப் பூசும் பெப்ரைட்டு: எவ்வளவு நம்பலாம்?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயற்குழு முதலில் என்னை நீரிழிவு பற்றிப் பேசும்படிதான் கேட்டது. இரண்டு நாட்களுக்குப் பிறகு செயலாளர் அக்கா திரும்ப எடுத்து, "நூற்றாண்டு விழாவிலும் சீனி வருத்தமா பிள்ளை? எல்லாரும் கேட்கிற விஷயம் ஒன்றைப் பேசுமன்" என்றார். எல்லாரும் கேட்கிற விஷயம் எது என்று அறிய எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தேன். பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள், மரண அறிவித்தல்கள் இரண்டுக்கும் அடுத்தபடியாக அதில் அதிகம் இருந்தவை முகத்துக்குப் பூசும் சீரம் போத்தல்களின் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வி: "டொக்டர், இது நல்லதா?" போத்தல்களில் அரைவாசிக்கு மேல் பெப்ரைட்டு என்ற சொல் இருந்தது. ஆகவே அதைப் பற்றிப் பேசுகிறேன். சாப்பாட்டுக்குப் பிந்திய நேரத்துக்கு நித்திரை வராத விஷயமாகவும் இது இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூசும் பெப்ரைட்டு கொஞ்சம் வேலை செய்யும். பெரும்பாலும் தீங்கு செய்யாது. விலைதான் அதிகம். குத்தும் பெப்ரைட்டு முற்றிலும் வேறு கதை. இரண்டும் ஒரே பெயரில், ஒரே அழகான எழுத்தில், ஒரே கடை மேசையில் இருப்பதுதான் ஒரு தோல் வைத்தியராக என்னுடைய கவலை.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு "பெப்ரைட்டுப் பிணைப்பு" என்று கரும்பலகையில் எழுதியது ஞாபகம் வரும். அமினோ அமிலங்களை மாலை போலக் கோத்தால் அது பெப்ரைட்டு. இரண்டு மூன்று மணிகள் மட்டும் கோத்தாலும் பெப்ரைட்டுத்தான். மாலை நீண்டு, மடிந்து, ஓர் உருவம் எடுத்தால் புரதம் என்கிறோம். இரண்டுக்கும் இடையில் கோடு கீறியது போன்ற எல்லை கிடையாது. 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினை இரண்டு பெயராலும் அழைப்பவர்கள் உண்டு.

இன்சுலினை வேண்டுமென்றே எடுத்தேன். எங்களில் யார் வீட்டில் இன்சுலின் போடுகிற ஒருவர் இல்லை? அம்மாவுக்கு ஏன் அதைத் தினமும் வயிற்றில் குத்துகிறோம்? குடிக்கக் கொடுத்தால், மீன்குழம்பில் உள்ள புரதத்தைச் செரிப்பது போலவே குடல் அதையும் செரித்துவிடும். தோலில் தடவினால் உள்ளே போகாது. எங்கள் மேற்றோலின் உச்சியில் இறந்த கலங்கள் கொழுப்பில் பதிந்து அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு கடதாசியிலும் மெல்லிய படை அது. ஆனாலும் அதைப் போல நல்ல காவல் உடம்பில் வேறு இல்லை. 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்துத் தோல் வைத்தியர்கள் இருவர் ஒரு கணக்குச் சொன்னார்கள்: மூலக்கூறின் நிறை ஏறத்தாழ 500 டோல்ற்றனைத் தாண்டினால் அது நல்ல தோலூடாக நுழைவது கடினம். இன்சுலின் கிட்டத்தட்ட 5,800. கொலாஜன் ஏறத்தாழ 300,000. எனவே "கொலாஜன் கிறீம்" என்று விற்பது தோலுக்கு மேலே இருந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும்; அதைத் தேங்காயெண்ணெயும் செய்யும். தோலுக்குள் போய்க் கொலாஜனாகச் சேர்ந்துகொள்ளாது.

கொலாஜன் தூள் கரைத்துக் குடிக்கிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அது குடலில் உடைந்து சிறு துண்டுகளாக இரத்தத்தில் சேர்கிறது. தோலுக்கு நல்லது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் 2025இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், அந்தத் தொழிலின் காசில் நடக்காத ஆய்வுகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தபோது பலன் காணவில்லை. முட்டையும் பருப்பும் கீரியும் சூடையும் சாப்பிடுங்கள். அதற்கு மேல் நான் அதில் நேரம் செலவழிக்கப் போவதில்லை.

அப்படியானால் பூசுகிற பெப்ரைட்டு மட்டும் எப்படி வேலை செய்யும்? இதை விளங்கப்படுத்த எனக்குக் கிடுகு வேலியை விட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. மதிலுக்குள் வளர்ந்த தங்கைமார் அக்காமாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வளவுக்குள் ஒரு கிடுகுத் துண்டு விழுந்து கிடந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? எங்கேயோ வேலி பிரிந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டு வேலி அடைக்க ஆளைக் கூப்பிடுவார். எங்கள் தோலிலும் இதுதான் நடக்கிறது. உள்தோலின் வேலி கொலாஜன். அது உடையும்போது சிறு துண்டுகள் விழும். அந்தத் துண்டுகளும் பெப்ரைட்டுக்கள்தான். அவற்றைக் கண்டு அங்கே உள்ள கலங்கள் புதுக் கொலாஜன் செய்யத் தொடங்குகின்றன. பெப்ரைட்டுக் கிறீமின் யோசனை இதுதான்: வளவுக்குள் வெளியில் இருந்து நாலு கிடுகுத் துண்டை எறிந்து, வீட்டுக்காரரை வேலி அடைக்கப் பண்ணுவது. கெட்டிக்காரத்தனமான யோசனை என்றே நான் நினைக்கிறேன்.

இதன் கதை 1973இல் தொடங்குகிறது. லோறன் பிக்காற் என்ற அமெரிக்க ஆய்வாளர், இளையவர்களின் குருதியில் உள்ள எதுவோ ஒன்று முதியவர்களின் ஈரல் இழையத்தை இளமையானது போல நடக்க வைக்கிறது என்று கண்டு, அந்தப் பொருளைத் தேடினார். கிடைத்தது மூன்றே மூன்று மணிகள் கோத்த ஒரு பெப்ரைட்டு: கிளைசின், ஹிஸ்ரிடின், லைசின். அது செப்பைப் பிடித்துக்கொள்ளும். இன்று "கொப்பர் பெப்ரைட்" என்று நீல நிறத்தில் விற்கும் சீரங்கள் எல்லாம் இதன் பிள்ளைகள். காயம் ஆறுவது பற்றிய ஆய்வுகளில் இது நன்றாக நடந்துகொண்டது. முகச் சுருக்கம் என்று வரும்போது சான்று மெல்லியது.

மற்றது, கொலாஜன் துண்டிலேயே பிறந்தது. 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கொலாஜனின் முன்னோடிப் புரதத்தில் இருந்து ஐந்து மணிகள் கொண்ட ஒரு துண்டை எடுத்து, ஆய்வுகூடத்தில் கலங்களுக்கு ஊட்டியபோது அவை கொலாஜனைக் கூடுதலாகச் செய்தன. ஆனால் முன்னே சொன்ன காவல் இருக்கிறதே, படலை திறக்க வேண்டுமே? எனவே அந்தத் துண்டோடு பாம் எண்ணெயில் நிறைய உள்ள பல்மிற்றிக் அமிலத்தை ஒட்டினார்கள். நிறை கூடினாலும், கொழுப்போடு கொழுப்புச் சேரும் என்பதால் அது ஓரளவு உள்ளே போகிறது. மற்றிக்சில் என்ற வணிகப் பெயர் இதற்குத்தான். போத்தலின் பின்பக்கத்தில் பல்மிற்றோயில் என்று தொடங்கிப் பெப்ரைட் என்று முடியும் பெயர் இருந்தால் அது இந்தக் குடும்பம்.

2005இல் இதை 93 பெண்களில் பரிசோதித்தார்கள். ஒரு பக்கக் கன்னத்தில் பெப்ரைட்டுச் சேர்த்த கிறீம், மற்றப் பக்கத்தில் அதே கிறீம் பெப்ரைட்டு இல்லாமல். எது எந்தப் பக்கம் என்று பூசியவருக்கும் தெரியாது, பார்த்தவருக்கும் தெரியாது. 12 வாரங்கள். பெப்ரைட்டுப் பூசிய பக்கத்தில் மெல்லிய கோடுகள் குறைந்திருந்தன. உண்மையான குறைவு, ஆனால் சிறிய குறைவு. அதைச் செய்தவர்கள் கிறீம் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் கிறீமில் இருந்த பெப்ரைட்டு பத்து இலட்சத்தில் மூன்று பங்கு. 50 கிராம் டப்பாவில் 0.15 மில்லிகிராம்! ஒரு உப்புக் கல்லிலும் சிறியது. மருந்துக்கு அளவு குறைவாக இருப்பது குறையல்ல. ஆனால் "பெப்ரைட்டு நிறைந்தது" என்று முன்பக்கத்தில் எழுதும்போது எதை நிறைத்தார்கள் என்று கேட்கலாம் அல்லவா?

லண்டன் அக்காமாருக்கு 2007 ஞாபகம் இருக்கும். பிபிசியின் ஒரு நிகழ்ச்சியில் பூட்ஸ் கடையின் நம்பர் செவன் சீரத்தைப் பற்றி நல்லதாகச் சொன்னார்கள். அடுத்த நாட்களில் கடைகளில் தட்டு வெறுமை. வரிசையில் நின்றவர்களில் எங்கள் சங்கத்தவரும் இருந்ததாகக் கேள்வி. பெயர் சொல்லமாட்டேன். அதன் பிறகு 2009இல் மான்செஸ்ரரில் 60 பேரில் செய்த முறையான ஆய்வு வெளிவந்தது. ஆறு மாதம் பூசியவர்களில் 43 வீதமானோருக்குச் சுருக்கம் குறைந்தது. வெறும் அடிக் கிறீம் பூசியவர்களிலும் 22 வீதமானோருக்குக் குறைந்தது. இரண்டாவது எண்ணைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். வெறும் கிறீமை ஒழுங்காகப் பூசினாலே ஐந்தில் ஒருவருக்கு முன்னேற்றம். தோல் காயாமல் பார்ப்பது அவ்வளவு பெரிய விஷயம். மற்றது, அந்தச் சீரத்தில் பெப்ரைட்டு மட்டும் இருக்கவில்லை. விற்றமின் ஏ வகையும் இருந்தது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரிக்க முடியாது.

"போடொக்ஸ் போல, ஊசி இல்லாமல்" என்று விற்கும் ஆறு மணிப் பெப்ரைட்டும் ஒன்று உண்டு, ஆர்ஜிரலீன். போடொக்ஸ் தசைக்குள் குத்துவது. இது தோலைத் தாண்டி, தசை வரைக்கும் நடந்து போக வேண்டும். அதற்கு நான் என் காசைக் கொடுக்கமாட்டேன்.

இப்போது எனக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2005 ஆய்வில் இருந்த 93 பேரும் வெள்ளைக்காரப் பெண்கள். அவர்கள் அளந்தது கண்ணோரச் சுருக்கத்தை. எங்கள் பெண்கள் என்னிடம் எதற்காக வருகிறார்கள் தெரியுமா? நாற்பது நாற்பத்தைந்து வயதில் சுருக்கத்துக்காக வருகிறவரைக் காண்பது அரிது. வருவது கன்னத்துக் கரும்படைக்கும், கண்ணுக்குக் கீழ்க் கருமைக்கும், பரு வந்து போன இடத்துக் கறுப்புக்கும்தான். எங்கள் தோலில் நிறமி கூட. அது வெயிலை ஓரளவு தடுத்துக் கொலாஜனைக் காக்கிறது. அதனால் சுருக்கம் வெள்ளைக்காரருக்கு வருவதற்கு ஆண்டுகள் பிந்தித்தான் எங்களுக்கு வரும். ஆனால் அதே நிறமி சின்னச் சீண்டலுக்கும் கறுத்துக் காட்டும். பெப்ரைட்டுக் கிறீம் அந்தக் கரும்படைக்கு மருந்தல்ல. ஆகவே எங்களில் பலர், எங்களுக்கு இல்லாத குறைக்கு, எங்களைச் சேர்க்காத ஆய்வை நம்பி, பவுணிலும் டொலரிலும் காசு கொடுக்கிறோம்.

மாதவிடாய் நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜனில் 30 வீதம் வரை குறையலாம். "ஒரே வருஷத்தில் முகம் விழுந்துபோச்சு டொக்டர்" என்று சொல்கிறவர்களை வீட்டில் யாரும் நம்புவதில்லை. அது பிரமை அல்ல. நடக்கிறது.

வேலியைப் பற்றிச் சொன்னேன். வேலியைப் பிரிக்கிறது யார் என்று சொல்லவில்லை. வெயில்தான். ஆட்டைக் கட்டாமல் வேலி அடைத்துக்கொண்டு இருந்தால், இந்தப் பக்கம் நீங்கள் அடைக்க அந்தப் பக்கம் அது கடித்துக்கொண்டே போகும். அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்து நம்பூர் என்ற ஊரில், 55 வயதுக்குக் குறைந்த 903 பேரை நாலரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு பகுதியினர் தினமும் சன்ஸ்கிறீன் பூசினார்கள். மற்றவர்கள் தங்கள் விருப்பப்படி. புறங்கைத் தோலின் அச்சை எடுத்து ஒப்பிட்டபோது, தினமும் பூசியவர்களின் தோல் மூப்பு 24 வீதம் குறைவு. 2013இல் வெளிவந்தது. அதே ஆய்வில் சிலருக்கு பீற்றா கரோட்டீன் குளிசையும் கொடுத்தார்கள். அதனால் தோல் மூப்பில் மாற்றம் காணவில்லை. தோல் மூப்பைத் தடுப்பதற்கு இவ்வளவு நல்ல சான்று உள்ள பெப்ரைட்டு எதுவும் இன்று வரைக்கும் இல்லை.

யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டில் இருந்து பத்துப் பாகை தள்ளிக்கூட இல்லை. காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் இடையில் இங்கே இருக்கிற வெயில், நம்பூர் வெயிலுக்குக் குறைந்தது அல்ல. எங்கள் அம்மாமாரின் குடையை நாங்கள் பகிடி பண்ணியிருக்கிறோம். குடை நல்ல மருந்து, பின்விளைவும் இல்லை. சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் குடை பிடிக்க முடியாது, அங்கேதான் சன்ஸ்கிறீன் வேண்டும். எஸ்.பி.எஃப் 30 போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுங்கள். கரும்படை உள்ளவர்கள் தோல் நிறம் ஊட்டிய சன்ஸ்கிறீனைப் பாருங்கள். அதில் உள்ள இரும்பு ஒக்சைட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். எங்கள் தோலைக் கறுக்க வைப்பதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு. வெள்ளைப் பூச்சாக நிற்கும் சன்ஸ்கிறீன்களில் அது இல்லை.

சுருக்கத்துக்கும் மருந்து வேண்டும் என்பவர்களுக்கு ரெற்றினோயின் இருக்கிறது. 1980களில் இருந்து சான்று உள்ள, பெப்ரைட்டுச் சீரங்களை விடப் பல மடங்கு மலிவான, வைத்தியர் எழுதித் தரவேண்டிய மருந்து. இரவில், பயறளவு எடுத்து, முதலில் கிழமைக்கு இரண்டு தரம். கர்ப்பிணிகளும் கர்ப்பம் தரிக்க இருப்பவர்களும் தொடக்கூடாது. சிலருக்கு எரியும், உரியும். எவ்வளவு மெதுவாகத் தொடங்கியும் ஒத்துவராதவர்களுக்கு, கையில் காசும் இருந்தால், பெப்ரைட்டுக் கிறீம் நியாயமான தெரிவு. நானே அப்படிச் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன். மூன்று மாதம் பூசிப் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் விடுங்கள் என்பேன்.

இது வரைக்கும் பேசியது காசு நட்டம் மட்டும். இனிப் பேசுவது அப்படியல்ல.

குளுற்றாதயோன் என்று ஒரு பெயர் கேட்டிருப்பீர்கள். அதுவும் மூன்று மணிகள் கோத்த பெப்ரைட்டுத்தான். எங்கள் ஈரல் தினமும் அதைத் தானாகவே செய்கிறது. அதை அதிக அளவில் இரத்தத்தில் ஏற்றினால் நிறமி வெளிறும் என்று சொல்லி, சில அழகு நிலையங்களில் சேலைன் போத்தல் தொங்கவிட்டு ஏற்றுகிறார்கள். "பெப்ரைட்டுத்தானே, உடம்பில் உள்ளதுதானே" என்பதுதான் அங்கே சொல்லும் சமாதானம். வெளுப்பு வந்தாலும் நிற்காது. நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும், எனவே தொடர்ந்து ஏற்ற வேண்டும். வெளுப்பதற்காக இதை ஏற்றுவது பாதுகாப்பானது என்று எங்கும் நிறுவப்படவில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2011இலேயே மக்களை எச்சரித்தது: ஈரல், சிறுநீரகம், நரம்புத் தொகுதி பாதிக்கப்படலாம், உடம்பெல்லாம் தோல் உரியும் உயிராபத்தான ஒவ்வாமையும் வரலாம் என்று. ஊசி ஏற்றுகிறவருக்கு, மூச்சு அடைத்தால் என்ன செய்வது என்று தெரிந்திருக்குமா? அந்த அறையில் ஒட்சிசன் இருக்குமா? இணையத்தில் "ஆய்வுக்கு மட்டும்" என்று எழுதி விற்கும் மற்றப் பெப்ரைட்டு ஊசிகளுக்கும் இதே கேள்விதான். தோல் என்ற காவலைத் தாண்டி நேரே உள்ளே போகிற எதுவும் கிறீம் அல்ல, மருந்து. மருந்துக்கு வைத்தியரும் பதிவும் வேண்டும்.

இதை ஏற்றிக்கொள்ள வருவது யார்? நாற்பது வயதுக்காரிகள் குறைவு. கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிற பிள்ளைகள்தான். கிளினிக்குக்கு அம்மாதான் கூட்டிக்கொண்டு வருவார். "ரிசெப்சனுக்கு முன்னுக்கு ஒருக்காப் போட்டுவிடலாமோ டொக்டர்? மாப்பிள்ளை பகுதி ஒன்றும் சொல்லேல்ல, ஆனால் படத்தில நிறம் குறைவாத் தெரியுது" என்பார். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும். பொறியியல் படித்த பிள்ளையும் அப்படித்தான் இருக்கும், வங்கியில் அதிகாரியாக இருக்கிற பிள்ளையும் அப்படித்தான் இருக்கும். நான் அம்மாவை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் கேட்பேன். பலர் சொல்வது ஒன்றே: "எனக்குத் தேவையில்லை டொக்டர், அம்மாவுக்காகத்தான்."

ஊசிக்குக் காசில்லாதவர்கள் டப்பாவுக்குப் போகிறார்கள். பெயர்த்தாள் ஒழுங்காக இல்லாத வெளுக்கும் கிறீம்கள். அவற்றில் சிலதில் ஸ்ரெரொயிட், சிலதில் பாதரசம். இப்போது சிலவற்றின் மூடியிலும் "பெப்ரைட்" என்று அச்சடித்திருக்கிறது. அதுதான் இன்றைய உரையில் இதைச் சேர்க்கக் காரணம். ஸ்ரெரொயிட் கலந்தது முதல் இரண்டு கிழமையில் அற்புதம் செய்யும். ஆறு மாதத்தில் முகத்தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவந்து தெரிந்து, பருவும் முடியும் முளைத்து, அடுப்படிக்குப் போனாலே எரிகிற முகமாகிவிடும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும், அதனால் திரும்பப் பூசுவார்கள். அப்படிப்பட்டவர்கள் தயவுசெய்து ஒரேயடியாக நிறுத்திவிட்டு வீட்டுக்குள் ஒளிந்திருக்க வேண்டாம். வாருங்கள், படிப்படியாகக் குறைத்து மருந்து தரலாம். ஆறும், மாதக்கணக்கு எடுக்கும்.

பாதரசம் அப்படியல்ல. அன்றே நிறுத்த வேண்டும். அது தோலூடாகப் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். கால் வீங்குவது, காலையில் கண்மடல் வீங்குவது, சிறுநீர் நுரைப்பது அதன் அறிகுறிகள். பூசுகிறவருக்கு மட்டும் அல்ல, மடியில் கிடக்கிற குழந்தைக்கும் போகும். 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள் எதையும் தயாரிக்கவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் தீர்மானித்துவிட்டன. சட்டம் வந்த வேகத்தில் டப்பா கடையை விட்டுப் போகாது. ஆகவே ஓர் அடையாளம் சொல்லித் தருகிறேன். தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தால் அந்தக் கிறீமைச் சந்தேகியுங்கள். பாதரசம் தங்கத்தைப் பிடித்து வெளிறச் செய்யும். தாலிக்கொடிக்கு ஆகாதது முகத்துக்கு ஆகுமா?

வெளிநாட்டு அக்காமாரிடம் ஒரு விண்ணப்பம். ஊருக்கு வரும்போது மச்சாளுக்கும் பெறாமகளுக்கும் என்று சூட்கேசில் கிறீம் கொண்டுவருகிறீர்கள். அன்பாகத்தான் கொண்டுவருகிறீர்கள். அதில் வெளுக்கும் கிறீமும் விலை கூடிய பெப்ரைட்டுச் சீரமும் இருந்த இடத்தில், அடுத்த முறை சன்ஸ்கிறீனை வையுங்கள். இங்கே நல்ல சன்ஸ்கிறீன் ஒரு சாதாரண குடும்பத்தின் கைக்கு எட்டுகிற விலையில் இல்லை. லூபஸ் நோய் உள்ள பிள்ளைகள், வெண்புள்ளி உள்ளவர்கள், பிறவியிலேயே நிறமி இல்லாத பிள்ளைகள், இவர்களுக்கு அது அழகுசாதனம் அல்ல, தேவை. கிளினிக்கில் அதை எழுதிக் கொடுக்கும்போது அவர்கள் கடதாசியை மடித்துப் பைக்குள் வைக்கிற விதத்தில், வாங்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

அதிபரிடமும் ஒன்று கேட்கலாமா? விளையாட்டுப் போட்டிப் பயிற்சியைப் பாடசாலை விட்ட கையோடு தொடங்காமல் மூன்றரைக்குத் தள்ள முடியுமா என்று பாருங்கள். மைதானத்தின் மேற்குப் பக்கத்து வேம்புகளில் எங்கள் காலத்தில் இருந்தவற்றில் இன்று இரண்டுதான் நிற்கின்றன. சங்கம் நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். கட்டடத்துக்கு நான் எதிரி அல்ல. ஆனாலும் இருபது வேப்பங்கன்றுக்கு என்ன செலவு வரும்?

வாணி விழா நாடகத்தில் சரஸ்வதியாக யாரை இருத்துவது என்ற பேச்சையும் எடுக்க நினைத்தேன். முன்வரிசையில் ரீச்சர்மார் சிரிப்பதைப் பார்த்தால், சொல்லாமலே விளங்கிவிட்டது போல் இருக்கிறது. எங்கள் வகுப்பில் வீணை வாசிக்கத் தெரிந்த பிள்ளை கறுப்பு. சரஸ்வதியாக இருந்தது வேறு பிள்ளை. அந்தக் கறுப்புப் பிள்ளை இன்று மெல்பேணில் இருந்து வந்து இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். காலையில் அவள்தான் இறைவணக்கத்துக்கு வாசித்தவள்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் அக்கா மணி காட்டுகிறார். தேநீருக்குப் பிறகு நூலகத்துக்குப் பக்கத்து மேசையில் நாலரை வரைக்கும் இருப்பேன். கைப்பைகளில் உள்ள போத்தல்களையும் டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், பின்பக்கத்தை ஒன்றாக இருந்து வாசிப்போம். எழுத்து மிகச் சிறிது, என் கண்ணுக்கும் இப்போது கண்ணாடி வேண்டும். பெரிய எழுத்துக் கண்ணாடி உள்ளவர்கள் அதையும் கொண்டு வாருங்கள்.